மாதாவோட அஞ்சு

காலை ஆறு ஐம்பதுக்கு ஹேவ்லாக் தீவுக்குப் போகிற ஹெலிகாப்டர் ஜங்கிலிகாட் மீன்துறை மேலே கடக்கும். ஐந்து நிமிஷம் முன்னே பின்னே ஆகலாம். மழை பிடித்த மாசங்களில் ஒரு மணி நேரம்கூட ஆகலாம். ஆனால் இது மார்ச் மாசம், கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் கிடக்கிறது. தாமதிக்க அதற்கு ஒரு காரணமும் இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை ஏழேகால் ஆகியும் அதன் சத்தமே கேட்கவில்லை. அமுதம் மூன்று தடவை வெளியே வந்து வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"க்யா தீதி, பாரிஷ் ஆயேகா க்யா?" என்று ஐஸ் உடைக்கிற வங்காளி கேட்டான்.

"பாரிஷ் இல்ல பையா, பேட்டி," என்றாள் அமுதம். மழையை இல்லை, மகளைப் பார்க்கிறேன் என்று அவனுக்குப் புரிந்தது. அவனும் ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சுத்தியலை எடுத்தான்.

ஐஸ் மேடைக்கும் டீசல் டிரம்கள் அடுக்கிய சுவருக்கும் நடுவே, தகரக் கூரை போட்ட சின்ன அறை அமுதத்தினுடையது. மீனவர் சங்கத்தின் வயர்லெஸ் அறை என்று வெளியே பலகை தொங்கினாலும், வங்காளி, தெலுங்கர், மலையாளி யாரைக் கேட்டாலும் அமுதம் அறை என்றுதான் சொல்வார்கள். பதினான்கு வருஷமாக அவள் அங்கே இருக்கிறாள். உள்ளே ஒரு மேசை, மேசைமேல் வயர்லெஸ் செட், நூலில் கட்டிய பேனா, கோடு போட்ட பெரிய நோட்டு. கயிறு அவிழ்க்கும் முன் ஒவ்வொரு படகும் செட்டில் நான்கு விஷயம் சொல்ல வேண்டும். படகின் பெயர், எந்தப் பக்கம் போகிறது, எப்போது திரும்பும், எத்தனை பேர். எண்ணிக்கையை அமுதம் திருப்பிச் சொல்வாள். அவள் திருப்பிச் சொன்ன பிறகுதான் படகு கிளம்பலாம். இது சங்கத்தின் சட்டம்; சங்கத்துக்கு அந்தச் சட்டத்தைப் போட்டவளும் அமுதம்தான்.

ஒரு படகுக்கு மட்டும் எண்ணிக்கை வேறு மாதிரி வரும். அது அவள் புருஷன் ஜேசுதாசனின் "லூர்து".

"லூர்து. ரட்லண்ட் பக்கம். சாயங்காலம் நாலு மணி. ஆறு பேரு, மாதாவோட ஏழு."

"லூர்து. மாதாவோட ஏழு. போயிட்டு வாங்க."

ஜேசுதாசனின் அப்பா லூர்து குளச்சல் கரையிலிருந்து கப்பலேறியபோது கொண்டுவந்த பழக்கம் இது. கட்டுமரத்தில் இரண்டு பேர் போனாலும் மூன்று என்றுதான் அவர் சொல்வாராம். உள்ள கணக்கை உள்ளபடியே கடல் காதில் போடக் கூடாது, எண்ணிக் கொடுத்ததை எண்ணி வாங்கிக்கொள்ளும் என்பார். அதனால் மாதாவையும் ஒரு ஆளாகச் சேர்த்து எண்ண வேண்டும். துறையில் உள்ளவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகும் முன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய சின்ன சுஜிதாவும் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தாள். அமுதம் ஐஸ் பார்க்க வெளியே போயிருந்தால் செட்டை எடுத்து, "மாதாவோட மூணு, போயிட்டு வாங்கப்பா" என்று சொல்வது அவள்தான்.

அந்த சுஜிதா ஒன்பது பத்துக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். வெள்ளைச் சட்டை, தோளில் கறுப்புப் பட்டை, பட்டையில் இரண்டு கோடு. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து டீசல் கேன்மேல் உட்கார்ந்தாள்.

"சட்டை அழுக்காயிரும் மக்கா."

"ஆகட்டும்."

"பறக்கலியா?"

"இல்ல."

"இஞ்சின் கோளாறா?"

"கோளாறு எனக்குத்தான்."

அமுதம் எழுந்து அவள் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள். உள்ளே முகம் வியர்த்துக் கிடந்தது. அழுது முடித்த முகமா, இனிமேல்தான் அழப்போகிறதா என்று தெரியவில்லை. ஃபிளாஸ்கிலிருந்து பால் சேர்க்காத கட்டஞ்சாயா ஊற்றிக் கொடுத்தாள்.

தீவுகளுக்கு நடுவே ஆட்களையும் நோயாளிகளையும் ஏற்றிப் போகும் ஹெலிகாப்டரில் துணை விமானியாகச் சேர்ந்து சுஜிதாவுக்கு ஏழு மாசம் ஆகிறது. இதுவரை பயிற்சிதான். அன்றைக்கு அவளைச் சோதிக்க மெயின்லேண்டிலிருந்து பெரிய கேப்டன் ஒருவர் வந்திருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால் அவள் முழு விமானி.

"எல்லாம் ஒழுங்காத்தாம்மா போச்சு," என்றாள் சுஜிதா. "சுத்திப் பாத்தேன், ஆயில் பாத்தேன், பேப்பர்லாம் குடுத்தேன். ஏறி உக்காந்தாச்சு. இஞ்சின் போடுறதுக்கு முன்னால டவருக்குச் சொல்லணும்லா."

"நம்ம செட்டு மாதிரி."

"அதேதான். யாரு, எங்க போறோம், எத்தன மணி நேரத்துக்கு எண்ணெய் இருக்கு, எத்தன பேரு. முன்னால பெரிய கேப்டன், நான். பின்னால ரெண்டு இஞ்சினியர். நாலு பேரு."

"ம்."

"நான் அஞ்சுன்னு சொல்லிட்டேன்."

அமுதத்தின் கையில் இருந்த ஃபிளாஸ்க் மூடி அப்படியே நின்றது.

"டவர்ல ஒரு அக்கா. கன்ஃபர்ம் ஃபைவ்னு கேட்டா. அஞ்சா, நிச்சயமான்னு. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும். அஃபர்ம், ஃபைவ்னு ஜோரா சொன்னேன். கேப்டன் திரும்பி என்னைப் பாக்காரு. நான் அவரைப் பாத்துச் சிரிக்கேன். அம்மா, நான் சிரிச்சேன்மா."

"பிறகு?"

"பிறகு என்ன, அவங்ககிட்ட இருக்க பேப்பர்ல நாலு. நேவி ஏர்போர்ட்லா அது. ஹோல்டு பொசிஷன், நின்ன எடத்துலயே நில்லுன்னாவ. யாரும் எறங்கக் கூடாது. துப்பாக்கியோட நாலு பேரு ஜீப்புல வந்து சீட்டுக்கு அடில, சாமான் வைக்கிற எடத்துல எல்லாம் டார்ச் அடிச்சுத் தேடினாவ. முக்கா மணி நேரம். பின்னால ரெண்டு ஃபிளைட்டு நிக்குது. பெரிய கேப்டன் எங்கிட்டக் கேக்காரு, மேடம், அந்த அஞ்சாவது ஆளு யாருன்னு."

"நீ என்ன சொன்ன?"

"சாரி சார்னேன். வேற என்னத்தச் சொல்ல? மாதான்னு சொல்லவா?"

அமுதத்துக்குச் சிரிப்பு வந்தது. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். சுஜிதா பார்த்துவிட்டாள்.

"சிரிம்மா, நல்லா சிரி. எண்ணத் தெரியாத ஆளை மேல அனுப்ப மாட்டேன்னு எழுதிட்டுப் போயிட்டாரு. பதிமூணு நாள் கழிச்சு திங்கக்கிழமை இன்னொரு தடவை வருவாராம். அதுலயும் கோட்டை விட்டா அவ்வளவுதான். மெயின்லேண்டுல ஆபீஸ்ல உக்காத்தி வச்சு டிக்கெட்டு கிழிக்கச் சொல்லுவாவ. கதம்."

அப்போதுதான் அவள் அழுதாள். ஐஸ்காரன் எட்டிப் பார்த்துவிட்டு, சத்தம் வராமல் சுத்தியலைக் கீழே வைத்தான்.

*

சாயங்காலம் நாலேகாலுக்கு லூர்து துறைக்கு வந்தது. பதினெட்டுப் பாறை மீன், ஒரு பெட்டி சூரை மீன். வீட்டுக்கு ஒரு சின்னப் பாறையை எடுத்துக்கொண்டு ஜேசுதாசன் வந்தான், பின்னாலேயே வெள்ளைச்சாமியும் வந்தான். வெள்ளைச்சாமிக்கு ராமநாதபுரம் பக்கம் ஊர். கல்யாணம் ஆகவில்லை, ராத்திரிச் சாப்பாடு பத்து வருஷமாக இவர்கள் வீட்டில்தான்.

அமுதம் மரச்சீனிக் கிழங்கை வேகவைத்து வைத்திருந்தாள். தேங்காயும் சீரகமும் அரைத்துவிட்டுப் பாறைக் குழம்பு கொதிக்க ஆரம்பித்தபோது விஷயத்தைச் சொன்னாள். வெள்ளைச்சாமிக்கு முதலில் ஒன்றுதான் புரியவில்லை.

"ஏத்தா சுஜி, ஹெலிகாப்டரு பறக்குறதுக்கு முன்னால டாக்சி கேக்கணும்னு அன்னைக்குச் சொன்னியே. பறக்குறவளுக்கு எதுக்குத்தா டாக்சி? ஆட்டோ கெடைக்கலயாக்கும்?"

"சித்தப்பா, டாக்சின்னா நின்ன எடத்துலருந்து ரன்வேக்கு நகர்ந்து போறது. அதுக்கு ஒரு தடவ கேக்கணும், மேல ஏறதுக்கு ஒரு தடவ கேக்கணும். நான் அதுவரைக்கும் போகவே இல்ல. மொதக் கேள்விலயே ஃபெயில்."

ஜேசுதாசனின் தட்டில் மரச்சீனி ஆறிக்கொண்டிருந்தது. குழம்பு ஊற்ற அமுதம் குனிந்தபோது கையால் தடுத்தான்.

"எனக்க வாயிதான்ட்டி," என்றான். "எனக்க வாயிதான் பிள்ளைக்க வாய்ல இருந்து பேசிட்டு."

"அப்பா, சும்மா இரிங்க. தப்புப் பண்ணுனது நான்."

"அஞ்சு வயசுல உன்னத் தோள்ல வச்சு எண்ணச் சொல்லிக் குடுத்தது யாரு? சங்கத்துப் பிள்ளைகள்லாம் ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணும். எனக்க பிள்ள ஒண்ணு ரெண்டு மாதான்னு எண்ணிச்சு. அத ஊரு பூரா சொல்லிச் சிரிச்சேன்லா நான்." தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். "நாளையிலருந்து லூர்துல அது கெடையாது. ஆறு பேருன்னா ஆறு."

வெள்ளைச்சாமி வாயில் வைத்த மீனை மெல்லாமல் நிமிர்ந்து பார்த்தான். சொல்ல வேண்டியதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொண்டான்.

*

புதன்கிழமை ஆறு பத்துக்குச் செட் பேசியது.

"லூர்து. ரட்லண்ட் பக்கம். நாலு மணி. ஆறு பேரு."

அமுதம் காத்திருந்தாள். மிச்சம் வரவில்லை. திருப்பிச் சொல்லாமல் செட்டைக் கீழே வைத்தாள். ஜன்னல் வழியே பார்த்தால் முப்பது அடியில் லூர்து நிற்கிறது. அதன் விளிம்பில் ஒரு காலும் துறையில் ஒரு காலுமாக நின்ற வெள்ளைச்சாமி, இரண்டு காலையும் துறையில் வைத்தான். கையிலிருந்த கயிற்றை மறுபடியும் தறிக்கட்டையில் சுற்றினான்.

"லேய், என்னடே?" என்றான் ஜேசுதாசன்.

"நான் வரலண்ணே."

"ஏம்ல?"

"ஒண்ணு கொறையுது."

"ஆறு பேரு இருக்கோம்லா. எண்ணு."

"எண்ணிட்டேன். ஆறு சரி. ஏழாவது எங்க? நான் உயிரோட நிக்கிறது அந்த ஒண்ணாலதான். அத எறக்கி விட்டுட்டு என்னை மட்டும் ஏத்திக்கிட்டுப் போறீகளா? நல்லாருக்குண்ணே உங்க ஞாயம்."

செட்டில், ராத்திரியே கடலுக்குப் போயிருந்த படகுக்காரன் நல்லதம்பி குரல் கொடுத்தான். "ஜேசுதாசண்ணே, ஹேவ்லாக் பக்கத்துலருந்து கேக்குறேன். மாதா இன்னைக்கு லீவா?"

"நீ உனக்க தூண்டிலப் பாருல!"

மற்ற நால்வரும் ஒவ்வொருவராகப் படகைவிட்டு இறங்கி வெள்ளைச்சாமி பக்கத்தில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். அதில் இருவர் தெலுங்கர், ஒருவன் ராஞ்சிக்காரன். மாதா அவர்கள் சாமி இல்லை. ஆனாலும் எழுந்து வர மாட்டோம் என்றார்கள். ஏழு மணிக்கு வெயில் ஏறியது, ஐஸ் உருகித் துறையில் ஓடியது. ஏழேகாலுக்கு ஜேசுதாசன் செட்டை எடுத்தான்.

"லூர்து. மாதாவோட ஏழு. போதுமாடே?"

"லூர்து. மாதாவோட ஏழு," என்றாள் அமுதம். அவளுக்கு மூச்சு வந்தது.

வெள்ளைச்சாமி பிடிவாதம் பிடித்ததற்குக் காரணம் துறையில் எல்லாருக்கும் தெரியும். பத்து வருஷம் முன்னால் ஜேசுதாசனிடம் படகு இல்லை, டிங்கி என்ற சின்னத் தோணிதான் இருந்தது. ஒரு நாள் அவனும் பன்னீர்செல்வம் என்ற கூட்டாளியும் தூண்டிலுக்குப் போனார்கள். "ரெண்டு பேரு, மாதாவோட மூணு" என்று செட்டில் சொல்லி, அமுதம் திருப்பிச் சொல்லி, நோட்டில் எழுதியும் ஆயிற்று. அதன் பிறகு, டிங்கி நகரும்போது, வேலை தேடி அன்றைக்குத்தான் துறைக்கு வந்திருந்த வெள்ளைச்சாமி ஓடிவந்து தாவி ஏறினான். அவனை யாரும் எண்ணவில்லை. மத்தியானம் ரட்லண்ட் பக்கம் திடீர்க்காற்று, டிங்கி கவிழ்ந்தது. மறுநாள் காலையில் தேடுதல் லாஞ்ச் இரண்டு பேரைத் தூக்கிவந்தது. இரண்டு பேருக்கும் நினைவில்லை. லாஞ்ச் அதிகாரி அமுதத்தின் அறைக்கு வந்து நோட்டைப் பார்த்தார். மூன்று என்று இருந்தது. மறுபடியும் போனார்கள். ஐஸ்பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி மிதந்த வெள்ளைச்சாமியை அன்று சாயங்காலம் கண்டெடுத்தார்கள்.

மாதாவைத் தேடிப் போனவர்கள் வெள்ளைச்சாமியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள் என்று துறையில் இன்றைக்கும் சொல்வார்கள்.

*

நாட்கள் போயின. சுஜிதா காலையில் போய் ஆபீஸில் உட்கார்ந்து படித்துவிட்டு வருவாள். வீட்டில் துணி துவைக்கும்போது, மீன் கழுவும்போது, வாய் டவரிடம் பேசிக்கொண்டே இருக்கும். "டவர், ஐலண்டர் த்ரீ, குட் மார்னிங்." காற்று எந்தப் பக்கம், எத்தனை வேகம் என்று டவர் சொல்வதையும் அவளே சொல்லி, அதைத் திருப்பியும் அவளே சொல்வாள். இஞ்சின் போட அனுமதி, நகர அனுமதி, ஏற அனுமதி. அமுதத்துக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள் ஒரு விஷயத்தைக் கவனித்தாள். எல்லாம் அருவிபோல வரும். எண்ணிக்கை வரும் இடத்தில் மட்டும் ஓர் இடைவெளி. மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம். அப்புறம்தான், "ஃபோர்."

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், அமுதம் கேட்டுவிட்டாள். இருவரும் பின்கட்டில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஜேசுதாசன் சுவருக்கு அந்தப் பக்கம் நைலான் கயிற்றில் தூண்டில் முள் கட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த எடத்துல ஏன் மக்கா நிக்க? மறதியா?"

"மறதி இல்ல." சுஜிதா இறாலின் முதுகு நரம்பை நகத்தால் உருவினாள். "பயமா இருக்கும்மா."

"கேப்டனுக்கா?"

"அந்த ஆளுக்கு என்ன பயம். நாலுங்கிறதுக்குத்தான் பயம். நாலுன்னு சொன்னா, எங்க நாலு பேரையும் எண்ணிக் கையில குடுத்துட்ட மாதிரி இருக்கு. மேல ஒண்ணு இல்லாம. பாகல் மாதிரி, பைத்தியம் மாதிரி பேசறேன்லா?"

அமுதம் சட்டியில் விழுந்த இறாலையெல்லாம் விரலால் ஓரமாக ஒதுக்கினாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள். "உனக்க அப்பாகிட்டகூட சொன்னதில்ல. அன்னைக்கு அந்த ஆபீசரு நோட்டப் பாத்துட்டு எங்கிட்டக் கேட்டாரு. மூணு பேரா, நிச்சயமான்னு. உங்க டவர் பொண்ணு கேட்ட மாதிரியேதான். எனக்குத் தெரியும், ரெண்டு பேருதான்னு. ரெண்டு பேரையும் தூக்கியாச்சு. வெள்ளைச்சாமின்னு ஒருத்தன் உண்டுன்னே எனக்குத் தெரியாது."

"பிறகு ஏன் மூணுன்ன?"

"மூணாவது ஆளு மாதான்னு சொல்லணும்லா. சொன்னா, மாதா ஆளு இல்லன்னு சொன்ன மாதிரி ஆயிரும். அவரு தொப்பியக் கழத்திட்டு நிக்காரு. ஆமா சார், மூணுன்னு சொல்லிட்டேன்."

"ஜெயிச்சிட்டல்லா. சித்தப்பா கெடைச்சாரு."

"கெடைச்சான். ஆனா காத்து அடிச்ச வேகத்த நீ பாக்கல மக்கா. லாஞ்ச்சு பாறையில ஏறித் திரும்பி வந்துச்சு. அதுல பதினோரு பேரு இருந்தானுவ. உன்ன மாதிரி சின்னச் சின்னப் பிள்ளைங்க. ஒருத்தனுக்குக் கை ஒடிஞ்சு கட்டுப் போட்டுருந்திச்சு. வெள்ளைச்சாமி இல்லாம இருந்திருந்தா, அந்தப் பதினோரு பேரையும் நான் எதுக்கு அனுப்பினேன்? எத்தனையோ நாளு அத நினைச்சிருக்கேன். எல்லாரும் என்னப் புகழும்போதெல்லாம் நினைச்சிருக்கேன்."

சுஜிதா உரிப்பதை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"டவர்ல எத்தன பேருன்னு கேக்குறது அதுக்குத்தாம்மா," என்றாள் மெதுவாக. "நாங்க விழுந்தா எத்தன பேரத் தேடணும்னு. ஒண்ணு கூடச் சொன்னா, இல்லாத ஆளத் தேடி இருக்குற ஆளு போவான்."

"அப்ப நாலுதான்."

"நாலுதான். எனக்கும் தெரியும். வாயிக்குத்தான் தெரியல."

சுவருக்கு அந்தப் பக்கம் தூண்டில் முள் தகரடப்பாவில் விழுகிற சத்தம் கொஞ்ச நேரமாகக் கேட்கவில்லை. பிறகு ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று.

*

திங்கட்கிழமை விடியும்போதே துளிக் காற்றும் இல்லை. ஐந்தரைக்கு சுஜிதா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டாள். அமுதம் அவித்த புட்டில் இரண்டு வாய் தின்றாள். கிளம்பும்போது மாதா படத்துக்கு முன்னால் நிற்பாள் என்று அமுதம் எதிர்பார்த்தாள். நின்றாள். ஆனால் கை கூப்பவில்லை. "இஞ்ச பாருங்க, இன்னைக்கு உங்கள எண்ண மாட்டேன். கோவிச்சிக்காண்டாம்," என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். துறைக்குப் போகக் கிளம்பி வாசலில் நின்ற ஜேசுதாசன் அதைக் கேட்டான். மகளின் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

ஆறு பத்துக்குச் செட் பேசியது.

"லூர்து. ஹேவ்லாக் பக்கம். நாலு மணி."

ரட்லண்ட் பக்கம் போகிற படகு அன்றைக்கு ஹேவ்லாக் பக்கம் என்றதை அமுதம் எழுதிக்கொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை.

"ஆறு பேரு," என்றான் ஜேசுதாசன்.

அமுதத்தின் பேனா நின்றது. ஜன்னலில் பார்த்தாள். கயிற்றை அவிழ்க்கக் குனிந்திருந்த வெள்ளைச்சாமி நிமிர்ந்தான்.

"அண்ணே, மறுபடியும் ஆரம்பிச்சிட்டீகளா? ஒண்ணு கொறையுது."

"கொறையலடே."

"நான் எறங்குறேன் பாருங்க."

"எறங்காத. கேளு." ஜேசுதாசன் செட்டின் பொத்தானை அழுத்தியபடியே பேசினான். துறை முழுக்க, கடலில் இருந்த படகுகள் முழுக்கக் கேட்டது. "அது இன்னைக்கு வேற வண்டியில போவுது. நாந்தான் அனுப்பி வச்சிருக்கேன். பிள்ள அங்க எண்ணாது. அதனால இஞ்ச நான் எண்ணல. ஒரே ஆள ரெண்டு எடத்துலயா எண்ணுவாவ?"

வெள்ளைச்சாமி அப்படியே நின்றான். மலைப் பக்கம், விமானநிலையம் இருக்கிற பக்கம், ஒரு தடவை பார்த்தான்.

"இத மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன," என்று சொல்லிக் கயிற்றை அவிழ்த்தான்.

"லூர்து, ஆறு பேரு," என்றது செட் மறுபடியும். திருப்பிச் சொல்வதற்காகக் காத்திருந்தது.

அமுதம் செட்டை வாய்க்கு நேரே பிடித்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள். சுஜிதா இழுக்கிற அதே மூச்சு என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. புருஷன் உட்பட ஆறு பேர், மேலே ஒன்று இல்லாமல்.

"லூர்து. ஆறு. போயிட்டு வாங்க."

படகு போயிற்று. ஆறு நாற்பது. போன தடவை இந்நேரம்தான் சுஜிதா அஞ்சு என்று சொல்லியிருப்பாள். அமுதம் வெளியே வந்தாள். ஆறு நாற்பத்தைந்து. ஐஸ்காரன் உடைப்பதை நிறுத்திவிட்டான். மீன் ஏலம் போடுகிற மேடையில் நின்றவர்களுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும், பேச்சு அடங்கியிருந்தது. ஆறு ஐம்பது. ஒரு காக்கா தகரக் கூரையில் நடக்கிற சத்தம் மட்டும். இந்நேரம் ஜீப் வந்து நிற்கிறதோ, டார்ச் அடிக்கிறார்களோ. ஆறு ஐம்பத்திரண்டு.

"தீதி," என்றான் ஐஸ்காரன்.

முதலில் சத்தம் வந்தது. அப்புறம் மலைக்கு மேலே, தென்னந்தோப்பின் தலையைத் தொடுவதுபோல், ஹெலிகாப்டர் எழுந்து வந்தது. துறையைக் கடந்தது. தண்ணீரில் அதன் நிழல் ஓடி, படகுகளின் மேலேறி இறங்கி, கிழக்கே போயிற்று. அமுதம் கை காட்டவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சத்தம் தேய்ந்து போகிறவரை நின்றாள். பிறகு உள்ளே போய் நோட்டைத் திறந்தாள்.

லூர்துக்குக் கீழே அடுத்த வரியில் நேரம் எழுதினாள்: 6.53. படகின் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டாள். போகும் இடம், ஹேவ்லாக். ஆட்கள் என்ற கட்டத்தில் 4 என்று எழுதினாள். அது டவருக்குப் போன கணக்கு.

செட் இரைந்தது. இஞ்சின் சத்தமும் தண்ணீர்ச் சத்தமுமாக ஜேசுதாசனின் குரல் வந்தது. யாரோ பின்னால் விசிலடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச்சாமியாகத்தான் இருக்கும்.

"எட்டி, பாத்தியா?"

"பாத்தேன்."

"எங்க தலைக்கு மேலதான் போச்சு. எத்தன பேருன்னு எழுதியிருக்க?"

அமுதம் கட்டத்தைப் பார்த்தாள். நாலுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

"மாதாவோட அஞ்சு," என்றாள்.

துறையின் சட்டப்படி, அவன் அதைத் திருப்பிச் சொன்னான்.

"மாதாவோட அஞ்சு."